விடுதியாளர் கூற்றில் மறைந்த விடுதி

ஒரு செய்யுளை ஆராயப் புகுவோர் அது யார் கூற்று என முதற்கண் வினவுதல் நம் மரபு. அமெரிக்கப் புலவர் லாங்பெல்லோ, பால் ரிவியரின் குதிரைப் பயணத்தைப் பாடிய பாட்டுக்கும் இவ்வினா பொருந்தும். 1861 சனவரியில் இதழொன்றில் தனிப்பாட்டாக வெளிவந்த அது, 1863-இல் வழிவிடுதிக் கதைகள் என்னும் தொகுதியில் முதற்கதையாய் அமைந்தது. ஆங்கு அது விடுதியாளர் கூற்று. அவர்தம் பாட்டனார் கான்கார்டுப் போரில் ஏந்திய வாள் விடுதியில் தொங்குவதாகத் தோற்றுவாய் கூறும். இத்துணைப் பொருத்தமானவர் கூறும் கதையில் விடுதிக்கு வேலையே இல்லை என்பது வியப்பன்றோ?

ரிவியரே 1798-இல் எழுதிய கடிதம் வேறொன்று காட்டுகிறது. 1774-இன் இலையுதிர்காலத்திலும் அடுத்த குளிர்காலத்திலும், பெரும்பாலும் கைவினைஞராகிய முப்பதுக்கும் மேற்பட்டோர் பாஸ்டனில் கிரீன் டிராகன் என்னும் மதுவிடுதியில் கூடி, ஆங்கிலப் படையின் நடமாட்டத்தை ஒற்றறிந்தனர். இருவர் இருவராய் இரவு முழுதும் தெருக்களைச் சுற்றினர். கூடுந்தோறும் விவிலியத்தின்மேல் ஆணையிட்டனர். ஆயினும் முதல்நாள் இரவு பேசிய சொற்கள் மறுநாளே எதிர்தரப்பாரிடம் வழங்கின. தம்முள் ஒருவரையே ஐயுற்று அவர்கள் இடம் மாறினர். மாறிய இடத்துச் செய்தியும் ஆளுநர் கேஜை எட்டியது. குறை இடத்தில் இல்லை. செய்தி அறிதற்கு உரியர் என அவர்கள் நம்பிய தலைவருள் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் சர்ச்சே உளவாளி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பாட்டிலோ ரிவியர் தனியர். விளக்கொளியை எதிர்நோக்கி அக்கரையில் நிற்கிறார், கான்கார்டையும் சென்றடைகிறார். உண்மையில் விளக்கு அக்கரையோர்க்கு அவர் ஏற்பாடு செய்த குறிப்பு. கான்கார்டை அடையுமுன் அவர் பிடிபட்டார். இவற்றைப் பலரும் எடுத்துக் காட்டியுள்ளனர், யாம் பெரிதுபடுத்தோம். உள்நாட்டுப் போர் மூளவிருந்த நாளில் துயிலெழுப்பும் ஒரு குரலைப் புலவர் நாடினார். அவ்வுரிமை அவர்க்கு உண்டு.

யாம் குறையெனக் கொள்வது பிறிது. பாட்டிலும் அச்சம் உண்டு. அது கோபுரத்தினின்று கல்லறைகளை நோக்கிய நண்பனின் அச்சம். விடுதியில் நிலவியதோ உடன் அமர்ந்தோரையே ஐயுறும் அச்சம். அதனை அடக்கிக்கொண்டும் மீண்டும் கூடியதே அக்கைவினைஞரின் வீரம். தனிவீரன் ஒருவனைப் படைக்கையில் இவ்வீரம் பாட்டினின்று நழுவிற்று. லெக்சிங்டன் வழியே குதிரை விரையும்போது காற்றுத்திசை காட்டும் பொற்சேவலையும் வழிபாட்டு மனையின் வெற்றுச் சன்னல்களையும் புலவர் காட்டுகிறார். 1775 ஏப்ரல் 19 விடியுமுன் ஊர்ப்படையினர் பலர் காத்திருந்த பக்மன் மதுவிடுதி, அவ்வூர்ப் பொதுவெளியின் ஓரத்திலேயே இருந்தது.