கடற்பெயரும் நிலப்படமும்

நிலப்படத்தில் ஒரு கடலுக்கு இடப்பெறும் பெயர், அதனை யார் எக்கரையில் நின்று நோக்கினர் என்பதனைக் காட்டும். கொரியர் 'கிழக்குக் கடல்' என்பதனைச் சப்பானியர் 'சப்பான் கடல்' என்பர்; 1992இல் இவ்வழக்கு ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு வரை சென்றது. தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இடைப்பட்ட கடலின் பெயர்களையும் இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் முதுகுடுமிப் பெருவழுதியின் புகழுக்கு எல்லை வகுக்குங்கால், கீழ்கடலையும் மேல்கடலையும் திசையாற் சுட்டுகின்றார். குணகடல், குடகடல் என்னும் வழக்குகளும் அத்தகையனவே. ஆயின் திசைப்பெயர் ஒரு கரைக்கே பொருந்தும். நமக்குக் கிழக்காகும் கடல் மன்னார்க் கரையினர்க்கு மேற்காகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, கொற்கைத் துறையின் பெயரால் ஒரு குடாவைக் குறித்தார். அதுவே இன்று மன்னார் வளைகுடா. முன்னைய பெயர் இக்கரையது, பின்னையது அக்கரையது. இரண்டும் அந்நீரில் வாழ்வோர் ஊர்ப்பெயர்களே.

பாக்கு நீரிணையோ வேறு. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட்டு பாக்கின் பெயர் அது. தமிழெழுத்தில் அதனைக் காணும் மாணவர் கமுகின் பாக்கென மயங்கவும் இடமுண்டு. ஆங்கிலேயர் திருவண்ணாமலையைத் 'திரினோமலி' எனச் சிதைத்தெழுதினர். ஐதர் அலியொடு 1767இல் இங்கு நிகழ்ந்த போரும் அப்பெயரால் அவர்தம் ஏடுகளில் இடம்பெற்றது. சிதைவாயினும் அதனுள் ஊர்ப்பெயர் உறைந்தது. ஆதலின் மீட்டல் எளிதாயிற்று. 'பாக்கு' என்பதனுள் மீட்டற்குரிய பழம்பெயர் யாதுமில்லை.

பெயர் யாதாயினும் கடல் ஒன்றே எனச் சிலர் கூறலாம். 1974ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கை, இருநாட்டுக் கலங்களும் மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்த உரிமைகளைத் துய்க்கும் என்கின்றது. கச்சத்தீவின் பெயர் அதன்கண் உண்டு. கடற்பெயரோ ஆளுநர் பெயரே. மரபென்பது வழக்கு, வழக்கிற்குப் பெயர் ஒரு சான்று. சான்று மறையின், உரிமையை எடுத்துரைக்கும் சொல்லும் வலியிழக்கும்.

ஆதலின், புதுப்பெயர் புனைதலினும் இருகரைப் பரதவர் நாவில் வழங்கும் பார், துறை, நீரோட்டம் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து நிலப்படத்தில் ஏற்றுதலே தமிழாய்வின் முதற்கடன் என யாம் கருதுகின்றோம்.