இல்லாத இதழும் ஒரு சான்று: அரசு ஆவணங்கள், வட்டார நாளிதழ்கள் ஆகியவற்றின் மின்காப்பு முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நூல்களைக் காப்பதற்கென உருவான விவரணை முறையே தமிழ் மின்னூலகச் சூழலில் அரசு ஆவணங்களுக்கும் நாளிதழ்களுக்கும் பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. தனித்து நிற்கும் நூலுக்கு இம்முறை போதுமானது. தொடராக வெளிவரும் நாளிதழுக்கும், முந்தைய கோப்புகளைச் சார்ந்து பிறக்கும் அரசாணைக்கும் இது போதாது. இருப்பவற்றைப் பட்டியலிடும் மின்காப்பகம், இல்லாதவற்றையும் அவை இல்லாமற்போன காரணத்தையும் பதிந்தால்தான் ஆய்வுக்குரிய சான்றகமாக அமையும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மின்காப்பு, மீதரவு, அரசாணை, வட்டார நாளிதழ், எழுத்துணரி, இன்மைப் பதிவு.

முன்னுரை

செய்தித்தாள் ஒரு நாளைய பயன்பாட்டுக்கென அச்சிடப்படுவது. மரக்கூழால் ஆன அதன் மலிவுக் காகிதம் அமிலத்தன்மை மிகுந்தது. சில பத்தாண்டுகளில் பழுத்து நொறுங்கத் தொடங்குகிறது. அரசுக் கோப்பின் காகிதம் ஓரளவு தரமானது எனினும், அதன் ஆயுளை அலுவலக விதிகள் தீர்மானிக்கின்றன. முடிவுற்ற கோப்புகள் காப்புக் காலத்திற்கேற்ப வகைப்படுத்தப்பட்டு, சில நிலையாக வைக்கப்படுகின்றன, பிற அழிக்கப்படுகின்றன. ஒன்று காகிதத்தின் இயல்பாலும் மற்றொன்று விதியாலும் அழிவுக்கு உள்ளாவதால், இவ்விரண்டையும் மின்னுருவாக்கம் செய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

தமிழ்ச் சூழலில் இதற்கான முயற்சிகளும் குறைவல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தனிமனிதச் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டும் நோக்குடன் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் ஒன்றை நடத்திவருகிறது. எவற்றை மின்னுருவாக்குவது என்னும் வினா இம்முயற்சிகளால் பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளது. மின்னுருவாக்கியவற்றை எந்த அலகில் விவரிப்பது என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. ஆய்வாளர் ஒரு சொல்லைத் தேடி விடை கிடைக்காதபோது, அந்த மௌனத்திற்குப் பொருள் என்ன என்பதை இரண்டாவது வினாவே தீர்மானிக்கிறது.

நூல் என்னும் அளவுகோல்

நூலுக்குத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவை போதும். நாளிதழுக்கு ஆசிரியர் பெயர் பயன்தருவது குறைவு. ஆண்டு மட்டும் தெரிந்தால் பயனே இல்லை. அதன் அலகு நாள். அந்நாளுக்குள் பதிப்பூரும் உண்டு. 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி பின்னர்ப் பல ஊர்களிலிருந்து வெளிவரலாயிற்று. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. இத்தகைய நாளிதழ்களில் முதற்பக்கம் ஒன்றுபோல் இருப்பினும் மாவட்டப் பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். சென்னைப் பதிப்பு மட்டும் காக்கப்பட்டால் நாளிதழின் பெயர் காப்பகத்தில் இருக்கும். கண்மாய் உடைப்பு, சந்தைக் குத்தகை, ஊராட்சிப் பூசல் ஆகியவற்றின் செய்திகள் இரா. வட்டாரச் செய்தியே முதலில் அழிகிறது என்பதை இத்தகைய பட்டியல் மறைத்துவிடுகிறது.

நூல் வழங்கற் சட்டத்தின் அமைப்பும் இந்நிலைக்கு ஒரு காரணம். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு நாளிதழ்களையும் உள்ளடக்கியது. அதன்படி சென்னைக் கன்னிமாரா நூலகம் படிகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. ஒரு படியைப் பெறுவதும் ஓர் இதழின் எல்லாப் பதிப்புகளையும் விடுபாடின்றித் தொடர்வதும் வெவ்வேறு பணிகள்.

அரசாணையின் நிலையும் இதுவே. ஆணை எண், நாள், துறை என்பன அதன் அடையாளங்கள். ஆயினும் ஆணையின் தொடக்கத்தில் ‘படிக்கப்பட்டவை’ என்னும் தலைப்பில் வரும் பட்டியலே அதன் உயிர்நாடி. முந்தைய ஆணைகள், மாவட்ட ஆட்சியரின் கடிதங்கள், துறைத்தலைவரின் கருத்துருக்கள் அங்கே எண்ணோடும் நாளோடும் குறிக்கப்படுகின்றன. தமக்குள் தொடர்புச் சங்கிலியைத் தாமே வைத்திருக்கும் இவ்வாவணங்களைத் தனித்தனிப் படக்கோப்புகளாகப் பதிவேற்றினால் அச்சங்கிலி அறுகிறது. மீதரவில் அப்பட்டியலையும் சேர்த்தால், கிடைக்காத கடிதம் ஒன்று இருந்தது என்பதாவது தெரியவரும்.

கண்காணிப்பே காப்பாக அமைந்த வரலாறு

அரசு ஆவணத்தையும் நாளிதழையும் தனித்தனிக் களங்களாகக் கருதுவது வரலாற்றுக்கும் பொருந்தாது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், பதிவான நூல்களின் பட்டியலைக் காலாண்டுதோறும் அரசிதழில் வெளியிட வழிசெய்தது. பின்னர்க் காணாமற்போன சிறுவெளியீடுகள் பல வெளிவந்தன என்பதற்கு இப்பட்டியல்கள் சான்றாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாண அரசு, சுதேசிப் பத்திரிகைகளின் செய்திகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கைகளாகத் தயாரித்தது. ஆட்சியாளர் பார்வைக்கென உருவான இவ்வறிக்கைகளில்தான், படிகள் எஞ்சாத சில தமிழ் இதழ்களின் குரல் இன்று கேட்கிறது.

இச்சான்றினை எச்சரிக்கையோடு கையாள வேண்டியுள்ளது. எதைத் தொகுப்பது என்பதை முடிவு செய்தவர் அரசு அலுவலர். அரசியல் விமர்சனம் அவர் கண்ணில் பட்டது, கோயில் திருவிழாவும் நாடக விளம்பரமும் படவில்லை. மொழிபெயர்ப்பில் மூலநடையும் மறைந்தது. ஆகவே இவ்வறிக்கைகளை ‘அரசு வெளியீடு’ என்னும் ஒற்றைத் தலைப்பின்கீழ் அடக்கினால் இரட்டை இழப்பு நேர்கிறது. இதழியல் ஆய்வாளருக்கு அவை எட்டுவதில்லை. ஆட்சி வரலாற்று ஆய்வாளருக்கு அவற்றின் மூல இதழ் எஞ்சியுள்ளதா என்பது தெரிவதில்லை. அறிக்கையில் சுட்டப்படும் ஒவ்வோர் இதழின் பெயரும் நாளும் மீதரவில் இடம்பெற்று, மூல இதழ் கிடைக்கும் இடத்தோடு இணைக்கப்படும்போதே தேர்வின் சாய்வை அளவிட இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு: தனுஷ்கோடிப் புயல்

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை ஆராய முனைபவருக்குத் தேவைப்படும் சான்றுகளை எண்ணிப் பார்க்கலாம். நிவாரணம் மாநில வருவாய்த் துறையின் பொறுப்பு. அதன் ஆணைகள் மாநில ஆவணங்கள். அடித்துச் செல்லப்பட்ட தொடர்வண்டியும் சிதைந்த பாம்பன் பாலத்தின் சீரமைப்பும் ரயில்வேயைச் சார்ந்தவை. அவை மத்திய அரசின் ஆவணங்கள். மீனவக் குடும்பங்களின் இழப்பையும் இடப்பெயர்வையும் அறிய அன்றைய நாளிதழ்களின் தென்மாவட்டப் பதிப்புகளை நாட வேண்டும்.

இவை அனைத்தும் மின்னுருவாக்கப்பட்டுவிட்டதாகவே கொண்டாலும் தேடலில் மூன்று தடைகள் எழும். முதலாவது, இடப்பெயர். தனுஷ்கோடி, தநுஷ்கோடி, தனுக்கோடி எனத் தமிழில் பல எழுத்துவழக்குகள் உள்ளன. ஆங்கிலத்தில் அமைந்த கோப்புகளில் தமிழ்ச் சொல்லால் தேடினால் எதுவும் கிடைக்காது. இரண்டாவது, ஆட்சி எல்லை. அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய மாவட்டப் பெயரால் வகைப்படுத்தினால், அன்று ஒரே ஆட்சியரின் கீழ் உருவான ஆவணங்கள் சிவகங்கை, விருதுநகர் எனச் சிதறும். மூன்றாவது, மாநிலப் பெயர். தமிழ்நாடு என்னும் பெயர் 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆவணம் உருவான காலத்துப் பெயரையும் இன்றைய பெயரையும் இணைத்துத் தரும் பெயர் ஒருமைப் பட்டியல் இன்றி இத்தடைகள் நீங்கா.

இன்மையின் ஐந்து வகை

தேடலுக்கு விடை கிடைக்காத நிலை ஒன்றுபோல் தோன்றினாலும் அதன் காரணங்கள் ஐந்தாகப் பகுக்கத்தக்கன.

1. வெளிவராமை: வேலைநிறுத்தம், காகிதத் தட்டுப்பாடு, தடை முதலிய காரணங்களால் இதழோ செய்தியோ வெளிவராதது. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்து முன்தணிக்கையால் வெளிவராமற்போன செய்தி இவ்வகையினது.

2. கிடைக்காமை: வெளிவந்த இதழின் படி எதுவும் காப்பகத்தை வந்தடையாதது.

3. அழிவு: விதிப்படி கழிக்கப்பட்டது, அல்லது வன்முறையால், பேரிடரால் இழந்தது.

4. திறக்கப்படாமை: காப்பகத்தில் இருந்தும் பதிப்புரிமை, தனியுரிமை காரணமாகப் பொதுப் பார்வைக்கு வைக்கப்படாதது.

5. வாசிக்கப்படாமை: படக்கோப்பு இருந்தும் எழுத்துணரி அதைப் பிழையாகப் படித்ததால் தேடலில் அகப்படாதது.

இவ்வேறுபாடு ஆய்வு முடிவையே மாற்றவல்லது. ‘அந்நிகழ்வை அந்நாளிதழ் கண்டுகொள்ளவில்லை’ என்னும் முடிவுக்கு, அந்நாளின் இதழ் முழுமையாகக் கிடைத்து, அது சரியாக வாசிக்கப்பட்டது என்னும் உறுதி வேண்டும். அவ்வுறுதி இன்றி மௌனத்தைச் சான்றாக்குவது, காப்பகத்தின் குறையை நாளிதழின் மேல் ஏற்றுவதாக முடியும். சாதிக் கலவரம், பஞ்சம், காவல்துறை நடவடிக்கை போன்ற பொருள்களில் இத்தகைய பிழை ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. பாதிக்கப்பட்டோரின் வரலாற்று உரிமையையும் தொடுகிறது.

அழிவின் பொருளை யாழ்ப்பாணம் அழுத்தமாக உணர்த்துகிறது. 1981 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களையொட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதே வன்முறையில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1959இல் தொடங்கிய அந்த இதழ், தலைநகர் கொழும்பிலிருந்து அன்றி யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்தது என்பதால் வட்டார நாளிதழ் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. நூலகம் திட்டம் நாளிதழ்களை இதழ்வாரியாக, ஒவ்வொன்றையும் நாள்குறிப்போடும் தனிப் பதிவெண்ணோடும் பட்டியலிடுகிறது. இம்முறையில் இடைவெளிகள் கண்ணுக்குப் புலனாகின்றன என்பது அதன் சிறப்பு. அவ்விடைவெளி மேற்கண்ட ஐந்தனுள் எதனால் நேர்ந்தது என்னும் குறிப்பும் சேருமாயின், பட்டியல் வரலாற்று ஆவணமாகவே உயரும்.

எழுத்துணரியும் குறியேற்றமும்

ஐந்தாம் வகை இன்மை தமிழுக்குக் குறிப்பிடத்தக்க சிக்கல். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியன வேறு வடிவில் அச்சாயின. இன்றைய வடிவங்களை மட்டும் பயின்ற எழுத்துணரி அவற்றில் தடுமாறும். குறுகிய பத்திகளில் சொற்கள் இணைகுறியின்றி வரியிறுதியில் முறிவதும், பத்திகள் குறுக்கே கலந்து படிக்கப்படுவதும் நாளிதழுக்கே உரிய இடர்கள்.

மின்வடிவிலேயே பிறந்த ஆவணங்கள் பாதுகாப்பானவை என்னும் நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. வானவில், பாமினி முதலிய எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டச்சான ஆவணம், எழுத்துரு பதிக்கப்பட்டிருந்தால் திரையில் தமிழாகத் தெரியும். அதன் உள்ளே இருப்பன ஒருங்குறித் தமிழ் எழுத்துகள் அல்ல. ஒருங்குறியில் தேடுபவருக்கு அது இல்லாத ஆவணமே. நூறாண்டுப் பழமையான அச்சுத்தாளும் இருபதாண்டுப் பழமையான கணினிக் கோப்பும் இவ்வகையில் ஒரே நிலையில் உள்ளன. படியெடுத்த உரை எழுத்துணரியின் விளைவா, மனிதரால் திருத்தப்பட்டதா, குறியேற்றம் மாற்றப்பட்டதா என்பது ஒவ்வொரு பக்கத்திற்கும் குறிக்கப்பட வேண்டும்.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

காகிதம் நாள்தோறும் நொறுங்கும்போது விரிவான விவரணைக்குக் காத்திருக்கலாகாது. முதலில் படமெடுப்போம், பின்னர் வகைப்படுத்துவோம் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பணியாளரும் நிதியும் குறைந்த நிலையில் விரைவே காப்பு. எனினும் சில செய்திகளைப் படமெடுக்கும் நேரத்தில் மட்டுமே பதிய இயலும். கட்டில் எந்த இதழ்கள் விடுபட்டிருந்தன, எந்தத் தாள் கிழிந்திருந்தது, கோப்பு எந்த அலுவலகத்திலிருந்து எந்த வரிசையில் வந்தது என்பனவற்றைக் கையில் தாளை வைத்திருப்பவரே அறிவார். தாள் கழிக்கப்பட்டபின் அவற்றை எவராலும் மீட்க முடியாது. பொருட்தலைப்பு, சுருக்கம், சொல்லடைவு ஆகியவை பின்னர் வரலாம். இன்மைப் பதிவு படமெடுப்போடு ஒரே நேரத்தில் நிகழ வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) தன் நான்காம் பிரிவில், பொது அதிகார அமைப்புகள் ஆவணங்களை முறையாக அட்டவணைப்படுத்திப் பேண வேண்டும் எனக் கூறுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) அரசு வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டைத் தொடர்ந்து 60 ஆண்டுகள் உரிமைக்காலம் வகுக்கிறது. உரிமை நீங்காத ஆவணத்தின் உள்ளடக்கத்தை மறைத்து வைக்க நேரிடினும், அது காப்பகத்தில் உள்ளது என்பதையும் திறக்கப்படக்கூடிய ஆண்டையும் அறிவிக்க எத்தடையும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

• நாளிதழுக்கு நாளும் பதிப்பூரும், அரசாணைக்குத் துறையும் கோப்புத் தொடரும் விவரணை அலகாதல் வேண்டும்.

• ஆணைகளின் ‘படிக்கப்பட்டவை’ பட்டியலும், பத்திரிகை அறிக்கைகள் சுட்டும் இதழ்ப் பெயர்களும் மீதரவில் இணைப்புகளாக இடம்பெறல் வேண்டும்.

• கிடைக்காத ஒவ்வோர் இதழுக்கும் கோப்புக்கும் காரணத்தோடு கூடிய பதிவு தேவை.

• தேடல் முடிவு வெறுமையாக இருக்கும்போது, தேடப்பட்ட காலப்பகுதியில் எத்தனை இதழ்கள் உள்ளன, எத்தனை இல்லை, எவை திருத்தப்படாத உரை என்பதைக் காப்பகம் காட்டுதல் வேண்டும்.

பக்கங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது மின்காப்பின் முதற்படி. அப்பக்கங்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களையும் பதிந்து வைக்கும் காப்பகத்தில், விடை கிடைக்காத ஆய்வாளர் தம் முடிவைத் தொடர்வதா, தேடலைத் தொடர்வதா என்பதைச் சான்றோடு தீர்மானிக்க முடியும்.