விரல் தட்டும் அரை நிமிடம்
மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி போடும் ‘டக் டக்’ சத்தத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ் பட்டறைச் சாயல் உண்டு. மின்னோட்டம் மாற மாறக் காந்தச் சுருள்கள் அதிரும் ஓசை அது. உள்ளே படுத்திருப்பவர் வலக்கை விரல்களை அரை நிமிடம் தட்டுகிறார், அரை நிமிடம் ஓய்கிறார். தட்டும்போது இடப்பக்க மூளையில் ஓரிடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய, அங்கே காந்த சமிக்ஞை சற்றே ஏறும். ஏற்றம் ஓரிரு சதவீதம்தான்; தலை அசைந்தால் அது தொலைந்துவிடும். ஆகவே தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டு செருகி, “தலைய மட்டும் அசைக்காதீங்கம்மா” என்று அலுக்காமல் சொல்லும் டெக்னீஷியனின் பக்குவத்தில்தான் பாதிப் படம் இருக்கிறது.

கதிர்வீச்சு இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் கருவி பார்ப்பது ரத்தத்தை, நரம்பணுவை அல்ல. அந்த ரத்தமும் சுமார் 5 நொடி பிந்தியே உச்சம் தொடும். மூளைக்கட்டியை அகற்றுமுன் கையசைவுப் பகுதி எங்கே என்று அறிய அறுவை மருத்துவர் இப்படத்தைப் பார்ப்பார். தேவைப்பட்டால் அறுவையின்போதே மின்தூண்டலால் சரிபார்த்தும் கொள்வார்.