மலையேறிய கொச்சை ஆங்கிலம்

எழுத்தில் இடம்பெறத் தகுதியற்றவை என்று இலக்கணம் அறிந்தோர் ஒதுக்க, படைவீரரும் வணிகரும் தோட்டத் துரைமாரும் கூசாமல் வழங்கிய ஆங்கிலச் சொற்களைச் சுவையறிந்து தொகுத்தவர்களுள் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் முதன்மையானவர்கள். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் 1882இல் மறைந்துவிட, யூல் நிறைவுசெய்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் பெயரே ஒரு கொச்சைதான்: முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் முழக்கம் வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் அடைந்த வடிவம் அது. அந்நூலில் கணக்குப்பிள்ளை 'கானிகாப்பலி' ஆகிறார். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி, மேலும் குறுகி 'மல்' என நின்று, சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளைக் குறிக்கும் பட்டப்பெயராகிறது. ஆளும் வர்க்கம் ஒன்றை அது உறிஞ்சிய ரசத்தின் பெயராலேயே அழைத்த இந்தக் குறும்பு, சீர்மை பேணும் அகராதிகளில் எளிதில் அகப்படுவதன்று.

பாசறையில் பிறந்த இத்தகைய ஆங்கிலம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிக்கு மேலுள்ள மலைகளிலும் ஏறியது. 'மஸ்டர்' என்பது படையினரை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தல். தோட்ட வழக்கில் அது விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பகிரும் கூட்டத்தைக் குறித்தது. சிப்பாய்களின் குடியிருப்பு வரிசையைச் சுட்டிய 'லைன்', 'லயன்' என்றும் 'லயம்' என்றும் ஒலி மாறித் தொழிலாளர் வீடுகளுக்கு ஆகிவந்தது. குதிரை கட்டும் 'லாயம்' அதனருகே ஒலிப்பது தற்செயலாயினும், அவ்வீடுகளின் அகல நீளம் அறிந்தோர்க்கு அது பொருந்தாததாகத் தோன்றாது. இலங்கை மலையகத்தில் 'பரேடு' என்பதே 'பெரட்டு' ஆனதையும் சேர்த்து நோக்கினால், துப்பாக்கியைத் தொட்டறியாத மக்கள் நாள்தோறும் படைமொழியாலேயே எண்ணப்பட்டது விளங்கும்.

ஊர்ப்பெயர்களிலும் இதே கதைதான். மூணாற்றுத் தேயிலையை மலைவிளிம்புவரை கொணர்ந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் நின்ற இடம் 'டாப் ஸ்டேஷன்', அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கிவந்த அடிவாரமாகிய குரங்கணி 'பாட்டம் ஸ்டேஷன்', இடைப்பட்டது 'சென்ட்ரல்'. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. ஆயினும், ரயிலைக் கண்டிராத தலைமுறையும் மேலேயுள்ள ஊரை ஸ்டேஷன் என்றே சொல்கிறது.

இவை அனைத்தினும் நுட்பமானது போடி ஏலக்காய்ச் சந்தையின் 'போல்டு'. பொது ஆங்கிலத்தில் துணிவைக் குறிக்கும் இச்சொல், வணிகர் வாய்மொழியில் விதை நிரம்பிப் பருத்த காயைக் குறிக்கிறது. துணிந்தவன் நெஞ்சு நிமிர்த்தி நிற்பதைப் போலக் காய் புடைத்து நிற்பதை ஒரே சொல்லால் காட்டிவிடும் இந்த ஆட்சி, கொச்சை என்று தள்ளத்தக்கதன்று. சல்லடையில் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தேறும் பச்சைக்காய் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்னும் தரத்தைப் பெறுகிறது. ஆலப்புழையில் ஏலம் விளைவதில்லை. திருவிதாங்கூர்ச் சரக்கு முன்னாளில் அத்துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால், குரங்கணிச் சரிவில் பறித்து உலர்த்திய காயும் போடியில் அந்தக் கடற்கரையூரின் பெயரிலேயே விலைபோகிறது.