உமணர் ஒழுகையும் பாலைத் திணையும்

பாலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் மணற்குன்றும் ஒட்டகமும் மாணவர் மனக்கண்முன் எழுகின்றன. பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்த மாணவனுக்கு இது மேலும் இயல்பு. ஆண்டு முழுதும் மழை பெறும் ஊர். எத்திசை நோக்கினும் பசுமை பூண்ட குன்றுகள். வறண்ட நிலம் என்பது அவன் படத்தில் மட்டுமே கண்ட பொருள். ஆகவே தமிழாசிரியர் வகுப்பறையில் முதலில் செய்ய வேண்டுவது அந்த மணற்குன்றுகளை அப்புறப்படுத்துவதே. தமிழ்ப் பாலை தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நடுங்குதுயர் தரும் நிலையை அடையும்போது பாலை எனப் பெயர் பெறும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் தெளிவாக்கியுள்ளார். மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். பாலை ஒரு பருவத்தின் கொடுமை. அப்பருவத்தில் பிரிந்து செல்பவரின் கொடுமையும் ஆகும்.

பருவம் என்னும்போது ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன எனக் கூறிய தொல்காப்பியர், பின்பனிக் காலத்தையும் அதற்கு உரிமையாக்கினார். மாசி, பங்குனி ஆகிய இரு திங்களும் பின்பனி. கொதிக்கும் நிலத்துக்குப் பனிக்காலம் எப்படிப் பொருந்தும் என்று மாணவர் வினவுவதுண்டு. பிரிவுக்கு ஏற்ற காலம் அது என விடை கூறி ஆசிரியர் மேற்செல்வர். விடை பிழையன்று. ஆயினும் பனிக்காலத்தையும் வறண்ட நிலத்தையும் இணைத்து வாழும் மக்கள் கூட்டம் ஒன்று இன்றும் உலகில் இருக்கிறது. அதனை அருகில் வைத்துப் பார்த்தால் சங்கப் பாடல்களின் ஒரு பகுதி புதிய விளக்கம் பெறுகிறது.

அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கனடாவிலும் பனி உறைய வைக்கும் காலத்தில், முதியோர் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே வருகின்றனர். பனிப்பறவைகள் என்பது அவர்களுக்கு அந்நாட்டார் இட்ட பெயர். அவர்களுள் ஒரு சாரார் விடுதிகளை நாடுவதில்லை. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட வீட்டு வண்டிகளை ஓட்டிவந்து அரிசோனா மாநிலத்துப் பாலையில் நிறுத்தி வாழ்கின்றனர். குழாய்நீர் இல்லை, மின்கம்பி இல்லை, கழிவுநீர்க் குழாயும் இல்லை. கொண்டுவந்த நீரை அளந்து செலவிட வேண்டும். கூரைமேல் பதித்த தகடுகளால் வெயிலிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். கழிவைத் தாமே சுமந்து சென்று உரிய இடத்தில் கொட்ட வேண்டும். குவார்ட்சைட் என்னும் சிற்றூரில் நிலையாக வாழ்வோர் சில ஆயிரவரே. குளிர்காலத்தில் அதைச் சூழ்ந்த வெளியில் வண்டிகள் நெருங்கிப் பெருநகர்போல் தோன்றும். இவர்கள் வரவு மிகுந்தமையால் அந்நாட்டு நில மேலாண்மைப் பணியகம் 1983இல் நீண்டநாள் தங்குவதற்கெனத் தனி நிலப்பகுதிகளை வகுத்தது; செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்க உரிமைச் சீட்டு வழங்கியது. பிற பொது நிலங்களில் பதினான்கு நாளுக்குமேல் ஓரிடத்தில் நிற்றல் பெரும்பாலும் கூடாது. வேனில் வந்ததும் வெப்பம் நாற்பது பாகையைக் கடக்கிறது, வண்டிகள் அகன்றுவிடுகின்றன. கல்லடுக்கி மூட்டிய தீக்குழிகளே எஞ்சுகின்றன.

இதைக் கேட்டவுடன், நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இதைச் செய்தனர் என்று மேடையில் முழங்கும் ஆர்வலர் இல்லாமற் போகார். அம்முழக்கத்தால் இலக்கியத்துக்கு ஒரு பயனும் இல்லை. ஒப்புமை எங்கே நிற்கிறது, எங்கே முறிகிறது என்று காண்பதே திறனாய்வாளன் வேலை.

ஒப்புமைக்கு உரியவர் உமணர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றியவர்கள். பள்ளி நூல்களில் அவர்கள் பண்டமாற்றுக்குச் சான்றாக ஓரிரு வரியில் வந்து மறைகின்றனர். வாணிக வரலாற்றுக்கு அது போதும், பாடலுக்குப் போதாது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்தம் வண்டியை வரைந்திருக்கும் பகுதியை நிறுத்திப் படித்தால் இது விளங்கும். முழவு போன்ற உருளைகளும் பருத்த பாரும் உடைய வண்டி. ஆரைப்புல் வேய்ந்த கூரை. தினைப்புனத்தில் யானையைக் காப்போர் கட்டும் குடில்போல் அதன் தோற்றம். கோழி அடையும் கூடு அதில் இருக்கிறது. பிடியானையின் முழந்தாள் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. வண்டியின் முகப்பில் கயிற்றால் பிணித்த காடிக் கலம். கையில் மகவோடு பெண் ஒருத்தி அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டி வரிசையின் இருபுறமும் காவலாக நடக்கின்றனர்.

கோழி, உரல், காடிக் கலம், மகவு என்னும் இவற்றுள் வாணிகத்துக்கு வேண்டுவது எது? ஒன்றும் இல்லை. உப்பைப் பற்றிப் புலவர் விரிவாகப் பேசவே இல்லை. வண்டியின் வெளிப்புறத்தைக் காட்டும் பாவனையில் ஒரு வீட்டின் உட்புறத்தைக் காட்டியிருக்கிறார். அடுக்களையும் முற்றமும் தொட்டிலும் உருளைமேல் ஏறி நகர்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் உமணர் கூட்டத்தில், பிள்ளைபோல் வளர்ந்த மந்தி ஒன்று உடன் வருகிறது. கிளிஞ்சிலுள் முத்தை இட்டு உமணர் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இதுவும் வாணிகச் செய்தி அன்று, வீட்டுச் செய்தி.

இங்கேதான் திணையைப் பற்றிய ஒரு வினா எழுகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் மனைவியை வீட்டில் விட்டுச் செல்கிறான். அத்திணைப் பாடல்களுக்குள் உமணர் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றனர்? பாலை வழியை நிரப்பும் காட்சிப் பொருள், கருப்பொருள் என்பது பழகிய விடை. அதைவிடப் பொருத்தமான விடை உண்டு. பொருளுக்காகப் பாலையைக் கடந்தும் வீட்டைப் பிரியாதவர் அவர்கள். வீட்டையே உடன்கொண்டு செல்வதால் பிரிவு அவர்களுக்கு இல்லை. தலைவனின் தனிமைக்கு எதிரே புலவர் நிறுத்தும் மாற்றுப் படிமம் உமணர் வண்டி. எல்லாப் பாடல்களிலும் உமணர் பெண்டிரும் பிள்ளைகளும் சுட்டப்படுவதில்லை என்பது உண்மை. அகநானூற்றுப் பாடல்கள் சிலவற்றில் சாத்து மட்டுமே பேசப்படுகிறது. எனினும் ஆற்றுப்படைகள் இரண்டும், சுற்றத்தோடு இடம்பெயரும் உமணரைக் கூறும் நற்றிணை 183ஆம் பாட்டும் இக்கருத்துக்குப் போதிய அரண் ஆகின்றன.

குறுந்தொகை 124ஆம் பாட்டு இக்கருத்தை மேலும் வலுப்படுத்துகிறது. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. உமணர் கூடித் தங்கிப் போனபின் ஓமைக்காடு பாழ்பட்ட பேரூர்போலக் கிடக்கிறது. அக்காடு இன்னாதது, அங்கே தலைவியை அழைத்துச் செல்ல இயலாது என்கிறான் தலைவன். தோழி மறுக்கிறாள். காடு இன்னாதென்றால், தனித்திருப்பவர்க்கு வீடுமட்டும் இனியதோ என்று கேட்கிறாள். உரையாசிரியர்கள் ஓமையின் தன்மையையும் ஊர் பாழான உவமையையும் விளக்குவர். உமணரை ஏன் இங்கே நினைவூட்டினார் புலவர் என்பதும் விளக்கத்துக்கு உரியது. தலைவன் இன்னாது என ஒதுக்கும் அதே காட்டில் ஓர் ஊரே குடும்பத்தோடு தங்கி எழுந்து சென்றிருக்கிறது. தோழியின் வாதத்துக்குரிய சான்று அப்பாட்டின் முதலிலேயே கிடக்கிறது. பாழ் என்பது நிலத்தின் குணமன்று. ஆள் நீங்கியதன் விளைவு. வீட்டுக்கும் அதுவே பொருந்தும்.

இப்பாட்டைப் பினாங்கில் படிப்பவர்க்கு வேறு நினைவு வாராமல் இராது. நாகையிலிருந்து கடல் கடந்து வந்தோர் பலர் தனியராக வந்தவர்கள். 1973 வரை ஓடிய ரஜூலாக் கப்பலின் மேல்தளத்தில் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கியோர் எத்தனை பேர்! செட்டிமார் கடைகளின் மேலாட்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவதும் மீண்டும் வருவதுமாக வாழ்ந்தனர். அவர்கள் தங்கிய கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டகமும் பாயும் உண்டு, வீடு இல்லை. ஊரிலோ வீடு உண்டு; ஆள் இல்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) மெடானிலும் பினாங்கிலும் நிகழ்ந்தாலும் அதன் தலைவன் மனம் மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் சுற்றி வருவதைப் படித்தோர் அறிவர். அந்நாவல் புலம்பெயர்ந்தவனின் பக்கத்தை எழுதியது. தோழி கேட்ட வினா, பூட்டாத வீட்டுக்குள் தனித்திருந்த பெண்களின் வினா. கடல் கடந்த தமிழர் இலக்கியத்தில் அது போதிய அளவு எழுதப்படவில்லை.

இனி, வண்டி வாழ்வை இனியதென்று மயங்குவோர் பக்கம். அகநானூறு 390இல் அம்மூவனார் படைத்த தலைவன் உப்பு விற்கும் பெண்ணைக் காண்கிறான். உமணரோடு நெடுவழி போகும் அந்தக் கூட்டு வாழ்க்கைதான் நல்லதோ என்று அவன் நெஞ்சு ஏங்குகிறது. ஏங்குபவன் அவ்வாழ்க்கையில் இல்லாதவன். அதில் இருப்பவளோ நெல்லுக்கு ஈடாக உப்பைக் கொள்ளுமாறு தெருவில் விலை கூறுகிறாள். வழிமறித்தவனை யார் நீ என்று கேட்டுப் புன்முறுவலோடு விலகுகிறாள். ஸ்டைன்பெக் 1960இல் ஒரு வண்டி வீட்டில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்து 1962இல் எழுதிய பயண நூலிலும் இதுவே காணப்படுகிறது. கண்டவர் பலர் தாமும் எங்காவது புறப்பட்டுவிட வேண்டும் என்னும் ஏக்கத்தை அவர் வண்டியைப் பார்த்து வெளிப்படுத்தினர். நிற்பவனுக்குச் செல்பவன் மேல் ஆசை.

செல்பவன் ஏன் செல்கிறான் என்பதை 2017இல் வெளிவந்த ஜெசிகா புரூடரின் ‘நோமட்லேண்ட்’ என்னும் நூல் வேறு முகத்தோடு காட்டியது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீடும் சேமிப்பும் இழந்த முதியோர், ஊர்தியையே வீடாக்கிப் பருவ வேலை தேடி அலைந்து, குளிர்காலத்தில் குவார்ட்சைட் பாலையில் கூடுகின்றனர். பக்கத்து வண்டியில் ஓய்வூதியத்தோடு இன்பமாகக் குளிர்காய வந்தவரும் இருப்பர். மணல் ஒன்று, நிலை இரண்டு. இந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஆஸ்கார் பரிசு பெற்றபோது உலகம் அதன் அந்திவான அழகைப் பெரிதும் வியந்தது. புரூடர் நூலில் பணிமனை வேலையின் கடுமைக்கு இருக்கும் இடம் படத்தில் சுருங்கியது என்று கூறுவது தவறாகாது.

சங்கப் புலவர் அவ்வாறு மறைக்கவில்லை. மலைபோல் உப்பேற்றி விற்கும் உமணர், தளர்ந்த இடத்தில் விட்டுச் சென்ற பழைய வண்டிப்பாரில் வெண்குருகு முட்டையிட்டிருப்பதை நற்றிணை 138 சொல்கிறது. புறநானூறு 307இல், கால் முடமான எருது ஆளற்ற வறண்ட நிலத்தில் கைவிடப்படுகிறது. அகநானூறு 119உம் 159உம் அவர்கள் விட்டுப்போன அடுப்புக் கற்களைக் காட்டுகின்றன. அதில் இப்போது வில்லேந்திய ஆடவர் ஊன் சமைக்கின்றனர். குடும்பம் உலை வைத்த கல்லிலேயே ஆறலைப்போர் உலை ஏறுகிறது. அச்சத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அடுத்த சாத்து அதே வழியில்தான் வர வேண்டும்.

உமணர் இதை அறிந்தே சென்றனர் என்பதற்குப் புறநானூறு 102 சான்று. இளைய எருதுகள் நுகம் அறியாதன. வண்டியில் பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ யாரறிவார் என்று வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு உவமித்தார். ஓடும் அச்சுக்கு உவமிக்கவில்லை. ஒடிந்தால் உதவக் கட்டியிருக்கும் அச்சுக்கு உவமித்தார். அரசனைப் புகழும் பாட்டில் அவனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வண்டிக்கு அடியில் வைக்கத் துணிந்தது ஔவையின் தனித்திறம். புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் முதன்முதல் அச்சிட்டது 1894இல். பினாங்குத் தைப்பூசத்துக்குரிய வெள்ளித்தேர் காரைக்குடியிலிருந்து வந்ததும் அதே 1894இல்தான் என்பர். எருது பூட்டிய அத்தேரைப் பார்த்த மாணவனுக்கு நுகமும் அச்சும் பாரும் அகராதிச் சொற்களாக இரா. பர்மா சாலைக்குச் சீனர் வழக்கில் தண்ணீர் வண்டிச் சாலை என்னும் பெயர் இருப்பதையும், குழாய்நீர் பரவுமுன் எருது வண்டிகள் அவ்வழியே நீர் கொண்டு வந்ததையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். பாலையைக் காட்ட அரிசோனா வரை போக வேண்டுவதில்லை; வண்டியைக் காட்டத் தெருவே போதும்.

ஒப்புமை முறியும் இடமும் உண்டு. அரிசோனா வண்டிகளில் மகவுடைய மகளிர் அரியர், முதியோர் மிகுதி, தனியர் பலர். பிள்ளைகளும் பேரரும் வடக்கே பனியில் இருக்கின்றனர். கொண்டு போய் விற்க உப்பும் இல்லை. எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஊரும் இல்லை. உமணரை எதிர்பார்த்தவர் இருந்தனர். அவர்கள் வரும் காலம் நோக்கிக் கானலில் உப்புக் குவியல் காத்துக் கிடந்ததை நற்றிணை 331 கூறும். அக்குவியல்மேல் ஏறி நின்று சிறுமியர் தந்தையரின் படகுகளை எண்ணுகின்றனர். 183ஆம் பாட்டிலோ, சில நாள் தங்கிய உமணர் போவதும் துன்பமே என்று தலைவி தலைவனிடம் கூறுகிறாள். பிரிவுத் துன்பம் செல்வோரிடமிருந்து நிற்போரிடம் மாறிவிடுகிறது. அகநானூறு 140இல் உமணர் மகளைக் கண்ட தலைவனும் அந்நிலையினனே. சேற்றில் புதைந்த வண்டியை இழுத்து அவள் தந்தையின் எருது பெருமூச்செறிவதுபோல் அவன் மூச்செறிகிறான். அவளோ வேற்றுத் தெருவில் உப்பு விலை கூறிக்கொண்டு போகிறாள். அவள் குரல் கேட்டு அவ்வீட்டு நாய் குரைக்கிறது.