எஸ்டோனியாவின் இணையவழி வாக்களிப்பு: பாதுகாப்பும் மெய்ப்பிக்கும் தன்மையும்

2005ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் எஸ்டோனியா, நாடு முழுவதற்குமான இணையவழி வாக்களிப்பை நடைமுறைப்படுத்தியது. 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இணையம்வழி அளிக்கப்பட்டன. இவ்வளர்ச்சி அம்முறையின் பாதுகாப்பிற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின், பரவலான பயன்பாடு மக்களின் நம்பிக்கையைக் காட்டுமேயன்றி, அந்நம்பிக்கைக்குரிய அடிப்படையை நிறுவாது.

அம்முறை அஞ்சல் வாக்கின் ஈருறை அமைப்பைப் பின்பற்றுகிறது. குறியாக்கம் செய்யப்பட்ட தேர்வு உள்ளுறையாகவும், அடையாள அட்டையால் இடப்படும் மின்னொப்பம் வெளியுறையாகவும் அமைகின்றன. எண்ணுவதற்கு முன் ஒப்பம் பிரிக்கப்படுவதால் இரகசியம் காக்கப்படுகிறது. வற்புறுத்தலுக்கு ஆளானவர் உரிய காலத்திற்குள் மீண்டும் வாக்களிக்கலாம். இறுதியாக அளித்ததே செல்லும்.

எனினும், குறியாக்கத்திற்கு முன்பே வாக்காளரின் கணினியிலுள்ள தீநிரல் தேர்வை மாற்றிவிடக்கூடும். இதனைக் கண்டறியவே 2013இல் திறன்பேசி வழிச் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது. 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹால்டர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அம்முறையை ஆய்வகத்தில் மீளமைத்தனர். வாக்காளர் கணினி, எண்ணும் வழங்கி ஆகிய இரண்டையும் தாக்க இயலும் எனக் காட்டி, அதனைக் கைவிடுமாறு பரிந்துரைத்தனர். 2017இல் அறிமுகமான புதிய அமைப்பு, எண்ணிக்கையைக் கணித முறையில் தணிக்கை செய்ய வழிவகுத்தது.

இத்திருத்தங்களுக்குப் பின்னும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. சரிபார்ப்போர் சிறு விகிதத்தினரே. பெரிய அளவிலான முறைகேட்டை அவர்கள் வெளிக்கொணரக்கூடும். மிகச்சில வாக்குகளால் முடிவு மாறும் தொகுதியில் அவ்வுறுதி இல்லை. மேலும், தாம் தேர்ந்தவர் ஒருவர், பதிவானவர் மற்றொருவர் என முறையிடும் வாக்காளர் தம் கூற்றை மெய்ப்பிக்க வழியில்லை. பிழையைக் கண்டறிதல் வேறு; பிறர் ஏற்க நிறுவுதல் வேறு.

ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று வழங்கிய தீர்ப்பு இங்குப் பொருந்தும் அளவுகோலைத் தருகிறது. அது 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் பயன்பட்ட வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பற்றியது. வாக்களிப்பின் இன்றியமையாப் படிநிலைகளையும் முடிவு கணிக்கப்படுதலையும் தனித் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமக்களும் நம்பகமாகச் சரிபார்க்க இயலவேண்டும் என்பது அதன் கோட்பாடு. முறைகேட்டிற்குச் சான்று இல்லாமையால் தேர்தல் செல்லும் என்ற அந்நீதிமன்றம், இயந்திரப் பயன்பாடு அரசியலமைப்பிற்கு முரணானது என்றது.

இவ்வளவுகோலின்படி, எஸ்டோனியாவின் கணித மெய்ப்பிப்பு வல்லுநருக்கே நிறைவளிக்கும். தாள்வாக்கு மறுஎண்ணிக்கையில் தோற்ற வேட்பாளரின் முகவர் தம் கண்ணால் கண்டு அமைதியுறலாம். இணைய வாக்கில் அவர் வல்லுநரின் சொல்லையே ஏற்கவேண்டும். எனவே இம்முறையின் மதிப்பீடு வென்றவரின் நிறைவைக் கொண்டன்று, தோற்றவருக்கு அது தரும் சான்றைக் கொண்டே அமைதல் வேண்டும்.