இரண்டாம் பாகம் வருதாம்!

கவரைப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அடுத்தது தடா, ஆந்திரம். எல்லைக்கு இந்தப் பக்கம், 2023 ஜனவரியில் ‘துணிவு’ படக் கொண்டாட்டத்தின்போது சென்னையில் ஓர் இளைஞர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய நடிகர் படமானாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் விடிகாலையிலேயே படம் ஓடத் தொடங்கிவிடும். சூலூர்பேட்டையில் 2019இல் திறந்த, 100 அடிக்கு மேல் அகலமான திரை கொண்ட அரங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் ஷங்கரையும் ராஜமௌலியையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எடை போடுவார்கள். இரண்டாம் பாகங்களுக்கு இயக்குநர்கள் போடும் வாய்ப்பந்தலைப் பற்றி யோசிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

‘கல்யாணராமன்’ 1979இல் தன்னளவில் முடிந்த கதை. 1985இல் கமல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ ஆகத் திரும்பி வந்தார், பார்த்தார்கள், அவ்வளவுதான். காத்திருப்பையே ஒரு கொண்டாட்டமாக்கியது ‘பாகுபலி’. 2015 ஜூலையில் பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வியோடு படத்தை நிறுத்திவிட்டார் ராஜமௌலி. அடுத்த பாகம் வந்த 2017 ஏப்ரல் வரை அந்தக் கேள்வியைச் சுமந்தவர்கள் ரசிகர்கள். இயக்குநர் மேடையேறிப் பெருமை பேச வேண்டிய தேவையே எழவில்லை.

லோகேஷ் கனகராஜ் செய்தது இன்னும் சாமர்த்தியம். ‘விக்ரம்’ வெளியாவதற்கு முதல் நாள், 2022 ஜூன் 2 அன்று, தன் பழைய படமான ‘கைதி’யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பார்வையாளருக்கு வீட்டுப்பாடம் கொடுத்த இயக்குநர் தமிழில் அபூர்வம். படம் பிரமாதம் என்று அவர் சொல்லவில்லை, உனக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்றார். பாடம் படித்துவிட்டு வந்தவனுக்கு ‘கைதி’யில் பார்த்த நரேனின் இன்ஸ்பெக்டர் பிஜாய் திரையில் தெரிந்ததும் விசில் தானாக வந்தது.

ஷங்கரின் ‘இந்தியன் 2’ இதற்கு நேர் எதிர். முதல் படம் 1996, இரண்டாவது 2024 ஜூலை 12. நடுவே 28 ஆண்டுகள். இரண்டாம் பாகம் வருவதற்கு முன்பே மூன்றாம் பாகத்தைப் பற்றிய பேச்சு. தான் இதில் நடிக்க ஒப்புக்கொண்டதற்கே மூன்றாம் பாகம்தான் காரணம் என்று கமல் சொன்னதும், கையிலிருந்த டிக்கெட்டின் மதிப்பு அப்போதே பாதி இறங்கிவிட்டது என்பேன். படத்தின் முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் ஒட்டியிருந்தார்கள். வெளியான சில நாளில் சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். மீம்களை யாராலும் வெட்ட முடியவில்லை. ‘எல்லாம் உருட்டு’ என்று சொல்லிச் சிரித்தவர்களில் பெரும்பாலோர் முதல் படத்தின் நாயகன் சேனாபதியை நேசித்து வளர்ந்தவர்கள். பிடிக்காதவர்களுக்கு அவ்வளவு கோபம் வராது.

கேலி செய்யாமல் காத்திருப்பவர்களும் உண்டு. 2010 பொங்கலுக்கு வந்தபோது சரியாகப் புரிந்துகொள்ளப்படாத, செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பின்னால் மெல்ல மெல்ல ரசிகர்களைச் சேர்த்தது. 2021 புத்தாண்டன்று தனுஷை வைத்து இரண்டாம் பாகம், வெளியீடு 2024 என்று அவர் போஸ்டர் விட்டார். 2024 வந்தது, போனது, படம் வரவில்லை. ஆனாலும் அந்த ரசிகர்கள் செல்வராகவனை ஷங்கரைப் போல வறுத்தெடுக்கவில்லை. முதல் படத்துக்குத் தாமதமாகக் கைதட்டிய குற்ற உணர்வும் அதில் கொஞ்சம் இருக்கலாம்.

இயக்குநர் நெல்சன் வேறு வழி பிடித்தார். ‘பீஸ்ட்’டுக்காக 2022இல் வாங்கிக் கட்டிக்கொண்டவர், 2023இல் ‘ஜெயிலர்’ கொடுத்து நிமிர்ந்தார். 2025 பொங்கலுக்கு வந்த ‘ஜெயிலர் 2’ அறிவிப்பு வீடியோவில் அனிருத்தோடு கோவாவில் சோம்பலாகப் பேசிக்கொண்டிருக்கும் கோமாளியாகத் தானே நடித்தார். பெருமை பேசும் வேலையை ரசிகர்களிடமே விட்டுவிட்டார். அதை அவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். லோகேஷிடமோ, அவர் எந்தப் புதுப் படத்தை அறிவித்தாலும், 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யின் நாயகன் டில்லி மறுபடி எப்போது என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.